முப்பத்தொன்றாம் தேதிக்கு ஆதாரம்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பிறகு நெடுங்காலம் சும்மா இருந்துவிட்டுத் 'திறந்த மூல மென்பொருளை'க் கண்டுபிடித்தது. முதல் இரண்டிலும் எனக்குப் பங்கில்லை. மூன்றாவதில் நான் பராமரிப்பாளர்.

எங்கள் மென்பொருளின் பெயர் 'கணீர்'. மருத்துவமனையில் ஒவ்வொரு படுக்கைக்கும் மேலே ஒரு சின்னத் திரை இருக்கும். மாத்திரை நேரம் வந்தால் மணி அடிக்கும், நர்ஸ் வருவார், நோயாளி விழுங்குவார். முற்றிலும் இலவசம். அதன் நிரலை உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தத்தை எங்களுக்கு அனுப்பலாம். கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். வாசலில் நாங்கள் மூன்று பேர் நிற்போம், அவ்வளவுதான்.

மூவரில் ஒருவர் இடைவெளியார். வரிக்கு முன்னால் நான்கு இடைவெளி இருக்கவேண்டிய இடத்தில் மூன்று இருந்தால் அவருக்கு அன்று தூக்கம் வராது. இன்னொருவர் தலைப்புச் செல்வர். ஒரு திருத்தத்துக்குள் என்ன இருக்கிறது என்று அவர் பார்த்ததே கிடையாது. தலைப்பைத் தாண்டிப் போகும் அவசியம் அவருக்கு இதுவரை வந்ததில்லை. மூன்றாமவன் அடியேன். எனக்கு எதற்கும் ஆதாரம் வேண்டும்.

போன ஆண்டு 'நாலாம் வார்டு' என்ற புனைபெயரில் ஒருவர் எங்களுக்குத் திருத்தம் அனுப்பினார். ஒரே ஒரு வரி. கணீர் எல்லா மாதத்துக்கும் முப்பது நாள்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறதாம். அதனால் முப்பத்தொன்றாம் தேதி மணி அடிப்பதே இல்லையாம். பிப்ரவரியில் இல்லாத முப்பதாம் தேதிக்கும் மணி அடிக்கத் தயாராக இருந்த எங்கள் பெருந்தன்மையை அவர் குறிப்பிடவில்லை. 'போன முப்பத்தொன்றாம் தேதி பன்னிரண்டாம் படுக்கைக்காரருக்கு மாத்திரை தவறி வலிப்பு வந்துவிட்டது. தயவுசெய்து சீக்கிரம் பாருங்கள்' என்று அடியில் எழுதியிருந்தார்.

பதினோரே நாளில் வீடியோவில் 'அவசரக் கூட்டம்' கூடியது.

"தலைப்பப் பாத்தீங்களா? 'முப்பத்தொன்றாம் தேதி மணி அடிக்கவில்லை'ன்னு இருக்கு. புகார் மாதிரியில்ல இருக்கு? தலைப்புன்னா கட்டளையா இருக்கணும்," என்றார் தலைப்புச் செல்வர்.

"கட்டளை போட்டா திமிரு மாதிரி தெரியாதா?" என்றேன்.

"தெரியும். தெரிஞ்சா அதுக்குத் தனியாக் கண்டிக்கலாம்."

"அது கெடக்கட்டும் சார். வரி முடிஞ்ச பிறகு, கடைசில, ஒரு இடைவெளி விட்டிருக்காரு." இடைவெளியாரின் குரல் தழுதழுத்தது. "யாரும் பாக்கமாட்டாங்கன்னு நெனச்சுட்டாரு."

"மொதல்ல இப்படி ஒரு பிரச்சினை இருக்குன்னு யார் சொன்னது? ஆதாரம் எங்கே?" என்றேன்.

"யாருக்கோ வலிப்பு வந்துச்சாமே?" என்றார் இடைவெளியார்.

"அது நோயாளிக்கு வந்தது சார். மென்பொருளுக்கு வரலையே."

அதற்காக நான் பொறுப்பைத் தட்டிக்கழித்தேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். அன்றைக்கே, அதாவது பன்னிரண்டாம் தேதி, என் கணினியில் நானே ஓட்டிப் பார்த்தேன். மணி கணீரென்று அடித்தது. 'என் கணினியில் அடிக்கிறது. முப்பத்தொன்றாம் தேதிக்கு ஆதாரம் தரவும்' என்று எழுதினேன். அவர் ஒரு காலண்டரைப் படம்பிடித்து அனுப்பினார். அதில் கொஞ்சம் நக்கல் தெரிந்ததால், எங்கள் 'நடத்தை நெறிகள்' ஆவணத்தைப் பதிலாக அனுப்பிவைத்தேன்.

நல்ல மனிதர்தான், பாவம். தலைப்பை ஆறு முறை மாற்றினார். இடைவெளியை எடுத்தார். அந்த வரி வேலை செய்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை நிரல் ஒன்று எழுதச் சொன்னோம், எழுதினார். அதை வேறு இடத்தில் வைக்கச் சொன்னோம், வைத்தார். பழைய இடமே தேவலை என்று பிறகு எங்களுக்குத் தோன்றியது. அதையும் மறைக்காமல் சொன்னோம். மறுபடி மாற்றிவிட்டு, 'இப்போது சரியா?' என்று கேட்டிருந்தார்.

அதற்கு நாங்கள் பதில் எழுதவில்லை. தலைக்குமேல் வேலை. கணீரின் சின்னத்தை நீலத்திலிருந்து கூடுதல் நீலத்துக்கு மாற்றும் திருத்தம் வந்திருந்தது; அதை ஒரே மாலையில் சேர்த்துக்கொண்டோம். முகப்பில் 'வருக' என்பதற்குப் பின்னால் ஆச்சரியக்குறி போட்டவருக்குச் 'சிறந்த பங்களிப்பாளர்' என்று டீ-ஷர்ட் அனுப்பினோம். அறுபது நாள் ஓடிவிட்டது. அறுபது நாள் அசையாமல் கிடக்கும் திருத்தங்களை மூடுவதற்கென்றே ஒரு தானியங்கி வைத்திருக்கிறோம். 'தாங்கள் ஆர்வம் காட்டாததால் இது மூடப்படுகிறது. தங்கள் பங்களிப்புக்கு நன்றி' என்று எழுதி அது மூடிவிட்டது. நன்றி சொல்வதில் எங்கள் தானியங்கியை அடித்துக்கொள்ள ஆளில்லை.

சில வாரம் கழித்து என் மாமனாரை நெஞ்சுவலி என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். பார்க்கப் போனேன். படுக்கைக்கு மேலே திரை, திரையில் எங்கள் சின்னம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"இது நம்மளோடது," என்று மனைவியிடம் காட்டினேன். "நான்தான் பராமரிப்பாளர். இந்த நீலத்தப் பாரேன்."

"அப்பாவுக்கு ரெண்டு மணிக்கு மாத்திரை. ரத்தம் உறையாம இருக்கறதுக்கு. ஒரு வேளைகூடத் தவறக்கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு," என்றாள் அவள்.

"அதுக்குத்தானே நம்ம மணி இருக்கு? கவலைய விடு."

இரண்டு மணி ஆயிற்று. மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு மணி, மூன்று நிமிடம். திரை கூடுதல் நீலமாக இருந்தது, சத்தத்தைத்தான் காணோம். மனைவி திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் எழுந்து திரையை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தேன்.

அப்போது தட்டோடு ஒரு நர்ஸ் வந்தார். "ஐயா, எந்திரிங்க. மாத்திரை."

"மணியே அடிக்கலையே சிஸ்டர்?" என்றாள் மனைவி.

"இன்னிக்கு முப்பத்தொண்ணும்மா. இன்னிக்கு அதுக்கு லீவு." நர்ஸ் சுவரைக் காட்டினார். ஒரு வெள்ளைப் பலகையில் படுக்கை எண்ணும் மாத்திரை நேரமும் கையால் எழுதியிருந்தது. "ஒருத்தருக்கு வலிப்பு வந்ததுலேர்ந்து இந்தப் பலகையைத்தான் பாக்கறோம். அந்த மணியை நம்புறதே இல்ல."

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "மென்பொருள் செஞ்சவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லாம இருப்பேனா சார்? நாங்களா இதுல கை வைக்கக்கூடாது, அவங்க சேத்துக்கிட்டாத்தான் இங்க வரும். வீடியோ பாத்துக் கத்துக்கிட்டு ஒரே ஒரு வரி மாத்தி அனுப்பினேன். தலைப்பு சரியில்லைன்னாங்க. இடைவெளி இருக்குன்னாங்க. ஒரு புண்ணியவான் முப்பத்தொண்ணாம் தேதிக்கு ஆதாரம் கேட்டாரு. காலண்டர் அனுப்பினேன், ஒழுங்கா நடந்துக்கச் சொன்னாரு. கடைசில எனக்கு ஆர்வம் இல்லைன்னு மூடிட்டாங்க."

மாமனார் மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தார். "யாரும்மா அந்த முட்டாள்?"

"யாரு கண்டா? பராமரிப்பாளர்னு மட்டும் போட்டிருந்துச்சு."

"என்னங்க," என்றாள் மனைவி மெதுவாக, "நீங்க அதுல என்னவா இருக்கறதாச் சொன்னீங்க?"

"இங்க காத்தே வரல இல்ல?" என்று எழுந்துகொண்டேன்.

வெட்கமாகத்தான் இருந்தது. இல்லையென்று சொல்லமாட்டேன். மறுநாள், ஒன்றாம் தேதி, அதே வரியை நானே அனுப்பினேன். ஒரு பராமரிப்பாளரின் திருத்தத்தை மற்ற இருவரும் பார்த்துத்தான் சேர்க்கவேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியவனும் நான்தான். 'தலைப்பு உணர்ச்சிவசப்பட்டிருக்கிறது' என்றார் தலைப்புச் செல்வர். இடைவெளியார் அன்றே தம் கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டு, 'எனக்கு அடிக்கிறது. ஆதாரம் தரவும்' என்று எழுதினார். 'என் மாமனார்' என்று பதில் எழுதி, அனுப்பாமல் அழித்துவிட்டேன். அறுபதாம் நாள் தானியங்கி எனக்கும் நன்றி சொன்னது.

இருந்தாலும் எங்கள் தரத்தை யாரும் குறை சொல்ல முடியாது. இத்தனை ஆண்டுகளில் எங்கள் வாசலைத் தாண்டிப் புதிதாக ஒரு பிழைகூட உள்ளே வந்ததில்லை. உள்ளே இருப்பதையும் நாங்கள் வெளியே விட்டதில்லை. மாமனார் நலமாக வீடு திரும்பிவிட்டார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மாப்ள, இன்னிக்கு என்ன தேதி?" என்று கேட்கிறார். அவர் பிழைத்ததைக் கணீரின் சாதனையாக ஆண்டறிக்கையில் சேர்க்கலாம் என்று மற்ற இருவரும் சொல்கிறார்கள். சேர்க்கலாம்தான். ஆனால் நான் ஆதாரம் இல்லாமல் எதையும் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. ஆதாரத்தைப் பார்த்தால், அவர் பிழைத்ததற்குக் காரணம் ஒன்றுதான்: அந்த வார்டில் எங்களை யாரும் நம்பவில்லை.