நகலெடுக்க மறுத்த நோட்டின் நகல்

கள்ள நோட்டை அடியோடு ஒழித்துவிட அரசு திருவுளம் கொண்டது. அதன்படி, கலர் ஜெராக்ஸ் மெஷின் வைத்திருப்போர் அனைவரும், தங்கள் மெஷின் நோட்டை நகலெடுக்காது என்று சான்றிதழ் வாங்கியாக வேண்டும். வாங்கும்வரை கடைக்குப் பூட்டு.

ஜெராக்ஸ்கடை அக்காவுக்குப் பயமில்லை. கடன்பட்டு வாங்கிய அவளுடைய புது மெஷின் கெட்டிக்காரி. நோட்டை வைத்தால், அதிலுள்ள நுண்ணிய அடையாளங்களைக் கண்டுபிடித்து, முழுக் கறுப்பாய் ஒரு தாளைத் துப்பிவிடும். அந்தக் கறுப்புத் தாளோடு அலுவலகத்துக்குப் போனாள்.

“எந்த நோட்டை நகலெடுக்க மறுத்துச்சு?” என்றார் அதிகாரி.

“இதைத்தான் சார்.”

“அப்ப இந்த நோட்டோட கலர் நகலை இணைக்கணும். ரெண்டு பக்கமும்.”

“அதை எடுக்க முடியாதுன்னுதானே சார் சான்றிதழே கேக்கறேன்?”

“அது உங்க மெஷினோட பிரச்சினை. விதியில ஒரு பிரச்சினையும் இல்லை.”

கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. அக்கா நாலு இடத்தில் விசாரித்தாள். அலுவலகத்துக்கு எதிரேயே ஒரு கடை இருந்தது. அங்கிருந்த கிழட்டு மெஷின் எதை வைத்தாலும் வஞ்சனையில்லாமல் நகலெடுக்கும். ஊரில் சான்றிதழ் வாங்கிய அத்தனை பேரும் அங்கே எடுத்தவர்கள்தான். அந்தக் கடைச் சுவரிலும் சான்றிதழ் தொங்கியது, வரிசை எண் ஒன்று.

அக்காவும் அங்கே நகலெடுத்துக் கொண்டுபோய் நீட்ட, அசலையும் நகலையும் அதிகாரி வெளிச்சத்தில் பிடித்தார், தடவினார், முகர்ந்தும் பார்த்தார். கடைசியில் கைக்கு வந்ததில் ‘உண்மை நகல்’ என்று முத்திரை குத்திக் கோப்பில் வைத்துக்கொண்டு, மற்றதைத் திருப்பிக் கொடுத்தார்.

அக்காவுக்குச் சந்தேகம் அரித்தது. கடைக்கு வந்து அந்த நோட்டைத் தன் மெஷினில் வைத்தாள். கிழட்டு மெஷினின் கைவேலையில் அடையாளங்கள் ஏது? மெஷின் முனகாமல் பளபளவென்று நகலெடுத்துத் தந்தது. அசல், கோப்புக்குள் போய்விட்டிருந்தது.

திரும்ப அலுவலகத்துக்கு ஓடினாள். அதிகாரி அசைந்துகொடுக்கவில்லை.

“முத்திரை குத்தினது நகல், குத்தாதது அசல். இதுக்கு மேல என்னம்மா ஆதாரம் வேணும்? போய்க் கட்டணத்தைக் கட்டுங்க.”

அக்கா சற்று யோசித்தாள். பிறகு அந்த ‘அசலை’யே காசாளரிடம் நீட்டினாள். காசாளர் கசங்காத நோட்டைப் பார்த்து மகிழ்ந்துபோனார்.

“சான்றிதழுக்கு வர்றவங்க எல்லாருமே புது நோட்டாத்தாம்மா தர்றாங்க. எங்களுக்குப் போன மாசச் சம்பளமே இதுலதான் வந்துச்சு.”

சான்றிதழோடு மீதியாக ஒரு நோட்டையும் கொடுத்தார். அதுவும் புத்தம் புதுசாகத்தான் இருந்தது.