உரசினால் மணக்கும் சட்டை

பஸ் இராஜபாளையத்தைத் தாண்டக்கூட இல்லை. அதற்குள் சமுத்திரத்தின் சட்டை பிச்சிப்பூவாக மணக்கத் தொடங்கிவிட்டது.

"ஏட்டி, யாரு இம்புட்டுப் பூ வச்சிருக்கா?" என்று கீரைக்காரி வெள்ளத்தாய் மூக்கை உறிஞ்சினாள்.

சமுத்திரம் படியோரம் ஒதுங்கினான்.

அவனுக்கு மில்லில் துணிக்கு வாசனை ஏற்றும் வேலை. கண்ணுக்கே தெரியாத உருண்டைகள். சிலவற்றுக்குள் வாசனை எண்ணெய், சிலவற்றுக்குள் சாயம். பருத்தியில் ஏற்றிவிட்டால் சும்மா கிடக்கும். உரசினால் உடைந்து மணக்கும். சூடு பட்டால் ஊதா ரோஸாகும். சாம்பிளுக்குப் போக மிஞ்சியதைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கித் தன் சட்டைக்கு ஏற்றிக்கொண்டான். "கொஞ்சமாப் போடு" என்றார் அவர். ஆசை யாரை விட்டது? இருந்ததையெல்லாம் ஊற்றினான்.

எல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் கார்த்திகாவுக்காக. தினமும் இதே சாயங்காலப் பஸ்ஸில் வருகிறாள். ஒரு பேச்சில்லை, ஒரு பார்வையில்லை. அவள் பின்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பதிலேயே அவனுக்குக் காலம் ஓடிவிட்டது. நாளையிலிருந்து நைட் ஷிப்ட். பஸ்ஸும் கிடையாது, அவளும் கிடையாது. இன்றைக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்தால் போதும். பாவி மனசு அதற்குமேல் கேட்கவில்லை.

"உள்ள போலே! படியில நின்னா எப்பிடி?"

கண்டக்டர் இருளப்பசாமி முதுகில் கைவைத்துத் தள்ளினார். மணம் குப்பென்று கிளம்பியது. ஊதாச் சட்டையில் ஐந்து விரலும் ரோஸாகப் பதிந்தன.

"அய்யய்யோ, சாயம் போகுதுலே!" வெள்ளத்தாய் முந்தானையால் துடைத்துவிட்டாள். துடைக்கத் துடைக்க முதுகு முழுக்க ரோஸானது.

"யக்கா, விடுங்கக்கா! தொடச்சா இன்னும் மணக்கும்!"

"அப்பம் நீதானாலே அது? பூவ எங்கன ஒளிச்சு வச்சிருக்க?"

பஸ்ஸே சிரித்தது. வெட்கத்தில் உடம்பு சுட்டு, நெஞ்சுப் பக்கமும் ரோஸானது. குளிர்ந்தால் ஊதா திரும்பிவிடும் என்று தண்ணீர் பாட்டிலை மேலே கவிழ்த்துக்கொண்டான். பாதித் தண்ணீர் பக்கத்தில் நின்றவர் வேட்டிக்குப் போனது.

"கண்ணு தெரியலையாலே?" என்று அவர் பிடித்து உலுக்கியதில் தோள்பட்டையிலிருந்த உருண்டைகளும் உடைந்தன. பின்சீட்டில் யாரோ அடுக்கடுக்காகத் தும்மினார்கள்.

கார்த்திகா அப்போதும் திரும்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறாள். அவனுக்கு உசிரே போய்விட்டது.

மடவார்வளாகத்தில் அவன் ஸ்டாப் வந்ததும் விழுந்தடித்து இறங்கினான். ஊதாவும் ரோஸுமாக, சொட்டச் சொட்ட நின்றான். கண் கலங்கியது.

"என்னலே, அழுதியா?" என்றார் இருளப்பசாமி படியிலிருந்து.

"நாளையில இருந்து வரமாட்டேண்ணே. நைட் ஷிப்ட். அந்தப் புள்ளைக்கு நான் ஒருத்தன் இருக்கதே தெரியாமப் போச்சு."

இருளப்பசாமி ஊதப்போன விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"ஏலே கூறுகெட்டவனே, அந்தப் புள்ளைக்கு வீடு, வேலை எல்லாம் இராஜபாளையத்துலதாம்லே. தெனமும் நீ எறங்குனதும் இதே பஸ்ல திரும்பிப் போகுது!"