மூன்றாவது கடிதத்தில் இருப்பது என் கையெழுத்துதான்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்காவும் நலம். அங்கு நீயும் உன் வீட்டாரும் கடையும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். நலம் என்று எழுதியது கடித மரியாதைக்காக. உண்மை நிலவரத்தைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. கையில் கண்ணாடித் தகடு ஏதும் இருந்தால் முதலில் அதைப் பத்திரமாக இறக்கி வைத்துவிடு.

வரும் வெள்ளிக்கிழமை வாக்கில் உன் கடை முகவரிக்கு ஒரு பழுப்பு நிறக் கவர் வரும். ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டிருக்கும். உள்ளே இருக்கும் கடிதம் கொஞ்சம் காரமாக இருக்கும். நீ ஜாமீன் நின்ற கடனுக்கு எட்டு மாதமாகத் தவணை வரவில்லை, கடன் வாங்கியவர் வாய் திறக்கவில்லை, ஆகவே இனி ஜாமீன்தாரராகிய தாங்களே கட்ட வேண்டியிருக்கும், தவறினால் தங்கள் பெயர் நிலுவைக்காரர் பட்டியலில் சேரும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். கடன் வாங்கியவன் நான். அடியில் கையெழுத்துப் போட்டிருப்பவனும் நான்தான். யாரோ என் பெயரில் மோசடி செய்கிறார்கள் என்று நினைத்துப் போலீசுக்குப் போய்விடாதே. மோசடி இல்லை, அது என் உத்தியோகம்.

நான் கடன் கொடுக்கும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன் என்பது உனக்குத் தெரியும். அங்கே என்ன வேலை என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. வசூல் பிரிவில் கடிதம் எழுதுகிறவன் நான். தவணை தவறியவருக்கு மூன்றாம் மாதம் ஒரு கடிதம், ஏழாம் மாதம் ஒரு கடிதம், எட்டாம் மாதம் அவருடைய ஜாமீன்தாரருக்கு ஒரு கடிதம். மூன்றையும் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நானே உட்கார்ந்து யோசித்து எழுதினேன். இரண்டாவது கடிதத்தில் 'தங்கள் மௌனம் எங்களுக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது' என்று ஒரு வரி வரும். வீட்டு வாசலில் போய் நிற்கும் இரண்டு ஆட்களைவிட இந்த ஒரு வரி அதிகம் வசூலித்துக் கொடுக்கிறது என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் அன்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டது உண்மை. இப்போதெல்லாம் பெயரையும் தொகையையும் கம்ப்யூட்டரே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறது. செவ்வாய்க்கிழமைதோறும் இருநூறு கடிதம் கட்டாக வரும், நான் கீழே கையெழுத்துப் போடுவேன். யாருக்குப் போகிறது என்று பார்ப்பதில்லை. பார்த்தால் கை ஓடாது. அப்படித்தான் எனக்கு வந்த முதல் கடிதத்திலும் இரண்டாவது கடிதத்திலும் நானே படிக்காமல் கையெழுத்துப் போட்டு, நானே தபாலுக்கு அனுப்பினேன்.

கடன் வந்த கதையைச் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன் உன் கடைக்கு வந்தேன். வீட்டுக் கூரை ஒழுகுகிறது, சரிசெய்ய ஊழியர் கடன் வாங்கப் போகிறேன், ஜாமீனுக்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்றேன். நீ கண்ணாடி வெட்டும் மேசையிலேயே தாளை வைத்து, கையில் ஒட்டியிருந்த தூளைத் துடைத்துவிட்டு, ஒரு வரி படிக்காமல் போட்டாய். படித்துப் பார் என்று நான் ஒப்புக்குச் சொன்னேன். "அத்தான் கேட்டு நான் படிச்சுப் பாக்கணுமா?" என்றாய். அன்று அது எனக்குப் பெருமையாக இருந்தது. இன்று அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் மாப்பிள்ளை, பணம் கைக்கு வந்த அன்று கூரைக்காரர் ஊரில் இல்லை. அவர் வர நான்கு நாளாகும் என்றார்கள். கையில் ஒரு லட்சத்து இருபதாயிரத்தோடு நான்கு நாள் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. வேலைவிட்டு வரும் வழியில் ஒரு மரச்சாமான் கடையில் 'தள்ளுபடி இன்றே கடைசி' என்று பலகை தொங்கியது. (இப்போதும் அந்தப் பலகை அங்கேதான் தொங்குகிறது.) உள்ளே போய் ஏழு பேர் உட்காரும் சோபா ஒன்றைப் பாதி முன்பணம், பாதி தவணை என்று வாங்கிவிட்டேன். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். சோபா வாசல் வழியாக நுழையவில்லை. தச்சரை அழைத்து நிலையைப் பெயர்த்தோம், நிலையோடு சுவரும் கொஞ்சம் வந்தது, சுவருக்குக் கொத்தனார் வந்தார், கொத்தனார் போனபின் பார்த்தால் கூரைக்காரருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. மழை வந்ததும் கூரை சரியாக சோபாவுக்கு மேலேயே ஒழுகியது. அன்றிலிருந்து அதன்மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்தி, நடுவில் ஒரு வாளி வைத்திருக்கிறோம். இந்த மூன்று வருஷத்தில் அந்தச் சோபாவில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பது அந்த வாளி மட்டும்தான்.

சோபாத் தவணையை ஒரு கிரெடிட் கார்டில் கட்டினேன். அந்தக் கார்டை இன்னொரு கார்டில் கட்டினேன். ஒரு குழியை மூட இன்னொரு குழி தோண்டுகிறோம் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அதைப் பற்றி வகுப்பே எடுக்கிறவன் நான், அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். இரண்டு கார்டும் வாயைப் பிளந்தபோது ஊழியர் கடனை நிறுத்தினேன். நம் நிறுவனம்தானே, நம்மை என்ன செய்துவிடுவார்கள் என்ற எண்ணம். அங்கே கடிதம் எழுதுகிறவன் நான்தான் என்பது ஏனோ அப்போது நினைவுக்கு வரவில்லை.

முதல் கடிதம் வீட்டுக்கு வந்தபோது என் கையிலேயே கிடைத்தது. சோபாவுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் செருகிவிட்டேன். இரண்டாவது வந்தபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். மதியத்துக்குமேல்தான் மருந்துக்கடைக்கு வேலைக்குப் போகிற உன் அக்காதான் வாங்கியிருக்கிறாள். அன்று மாலை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. தலைவலியாக இருக்கும் என்று நினைத்தேன், தைலம்கூட எடுத்துக் கொடுத்தேன்.

நான்கு நாள் கழித்து, கடிதங்களுக்கு வரும் பதில்களைத் தபால்காரர் வழக்கம்போல என் மேசையில் கொட்டினார். அதில் ஒரு கவர்மேல் இருந்த எழுத்து எனக்குத் தெரிந்த எழுத்து. மளிகைப் பட்டியலில் இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கிற எழுத்து. உள்ளே இருந்ததை அப்படியே தருகிறேன்: 'ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. அதில் குறிப்பிட்டிருப்பவர் என் கணவர். அவருடைய மௌனம் உங்களுக்கு வருத்தமளிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான். ஏழு மாதமாக அவர் வீட்டில் எதையும் சொல்லவில்லை. உங்களிடமாவது பேசினால் எனக்கும் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.'

மாப்பிள்ளை, பன்னிரண்டு வருஷமாக ஆயிரக்கணக்கான வீட்டுக்கு அந்த வரியை அனுப்பியிருக்கிறேன். அது ஒரு வீட்டுக்குள் போய் என்ன செய்யும் என்று அன்றுதான் தெரிந்தது. கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். வந்து, விதிப்படி அந்தப் பதிலில் முத்திரை குத்திப் பதிவேட்டில் ஏற்றினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வீட்டுக்குப் போனேன். உன் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே, "பதில் எப்ப வரும்?" என்று கேட்டாள். நான் வாய் குழறி, "பரிசீலனையில இருக்கு" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை, இனி பார்க்கவும் வேண்டாம். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீட்டில் ஒளித்து வைத்திருக்கும் எல்லாத் தாளையும் எடுத்து வரச் சொன்னாள். சோபாவுக்கடியிலிருந்து, பழைய காலண்டருக்குப் பின்னாலிருந்து, என் குளிர்காலச் சட்டைப் பையிலிருந்து எல்லாம் வந்தது. தரையில் உட்கார்ந்து யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி என்று ஒரு நோட்டில் எழுதினாள். கார்டு வட்டி ஊழியர் கடன் வட்டியைப்போல் மூன்று மடங்கு. மலிவான கடனை நிறுத்திவிட்டு விலையேறிய கடனுக்குத் தீனி போட்டிருக்கிறேன். அவள் திட்டவில்லை. இரண்டு கார்டையும் கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டாள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் மருந்துக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். நான் வீட்டில் வாளி மாற்றுகிறேன்.

அன்றே உனக்குச் சொல்லிவிடச் சொன்னாள். தம்பியிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் சொல்ல மாட்டேன் என்றாள். வருஷத்துக்குப் பத்தாயிரம் கடிதம் அனுப்புகிறவனுக்கு இந்த ஒரு கடிதத்தை எழுத மூன்று வாரம் ஆகியிருக்கிறது. போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ யோசிக்காமல் பரவாயில்லை என்று சொல்லிவிடுவாய். அதைக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

கடைசியில் என்னை எழுத வைத்தது போன சனிக்கிழமை வகுப்பு. தவணை தவறியவர்களுக்கு எங்கள் நிறுவனம் கடன் கல்வி என்று ஒரு வகுப்பு நடத்துகிறது. ஆறு வருஷமாக அதை எடுப்பவன் நான். ஊருக்கு உபதேசம். தவணை தவறிய ஊழியரும் அதில் உட்கார வேண்டும் என்பது விதி. மேலாளர் என்னைக் கூப்பிட்டு, சங்கடப்பட்டு, நீங்களே நடத்திவிட்டு வருகைப் பதிவில் பயிற்றுநர், பங்கேற்பாளர் இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்றார். போட்டேன்.

ஆசை எது, தேவை எது என்று வழக்கமான பாடத்தை ஆரம்பித்தேன். பாதியில், திரையில் காட்டிய படத்தை நிறுத்திவிட்டு, சோபா கதையை முழுவதும் சொல்லிவிட்டேன். பதினெட்டுப் பேரும் கேட்டார்கள். பின் வரிசையில் சலவைக்கடை வைத்திருக்கும் அம்மா ஒருவர், இரண்டு முறை ஏற்கனவே என் வகுப்புக்கு வந்தவர், கையைத் தூக்கினார்.

"சோபாவை வித்துட்டீங்களா சார்?"

இல்லை என்றேன்.

"ஜாமீன் போட்டவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

அதுவும் இல்லை என்றேன்.

"அப்ப எங்களுக்கு என்ன சொல்லிக் குடுக்க வந்தீங்க?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதற்குப் பிறகு வகுப்பை அவர்தான் எடுத்தார். தவணை நாள் வருவதற்கு முன்னாலேயே போய், இவ்வளவுதான் முடியும் என்று தொகையைச் சொல்லிவிட வேண்டும், பயந்து ஒளிந்தால் வட்டி ஒளியாது, எந்தக் கடன் அதிகம் தின்கிறதோ அதை முதலில் அடைக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டில் இருப்பவரிடம் மறைக்கக்கூடாது என்றார். மூன்று கடனில் இரண்டை அவர் அப்படி அடைத்திருக்கிறார். ஆறு வருஷத்தில் முதல் முறையாக நான் குறிப்பெடுத்தேன்.

நேற்று செவ்வாய்க்கிழமை. வந்த கட்டுக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு கடிதம். ஒவ்வொன்றையும் படித்தேன். மதிய உணவு வேளை போய்விட்டது. நூற்று நாற்பத்து மூன்றாவது உன் பெயர். நான் அதை உருவிச் சட்டைப்பையில் வைத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நீ கடைக் கட்டடத்தை வாங்க வங்கியில் விண்ணப்பித்திருப்பதும், உரிமையாளர் இந்த மாதக் கடைசிவரைதான் கெடு கொடுத்திருப்பதும் எனக்குத் தெரியும். பட்டியலில் உன் பெயர் ஏறினால் வங்கி கையை விரித்துவிடும், பதினைந்து வருஷமாக நீ வாடகை கொடுத்த கடை வேறு ஒருவருக்குப் போய்விடும். அதை நினைத்தபடி வெகுநேரம் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். மற்ற இருநூற்றுப் பதினோரு பேருக்கும் இல்லாத சலுகையை என் வீட்டாருக்கு எடுத்துக்கொண்டால் நான் இத்தனை வருஷம் எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும். உன்னிடமிருந்து மறைப்பதும் இன்னொரு முறை பிளாஸ்டிக்குக்கு அடியில் செருகுவதுதான். மன்னித்துவிடு.

இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். தவணையைக் குறைத்து, காலத்தை நான்கு வருஷம் நீட்டிக்கும் படிவம். தவணை இனி என் சம்பளத்திலிருந்து நேரே பிடிக்கப்படும். நீ சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு இந்த மாதத்துக்குள் வந்துவிட்டால் மூன்றாவது கடிதம் ரத்தாகும், உன் பெயர் பட்டியலில் ஏறாது. ஆனால் இன்னும் நான்கு வருஷம் நீ எனக்கு ஜாமீன். போட்டாலும் கஷ்டம், போடாவிட்டாலும் கஷ்டம். இப்படி ஒரு இடத்தில் உன்னைக் கொண்டுவந்து நிறுத்தியவன் நான்தான், கூரையும் இல்லை, சோபாக் கடையும் இல்லை. இந்த முறை ஒவ்வொரு வரியாகப் படி. புரியாததைக் கேள். அதற்குப் பிறகு போடுவதும் போடாததும் உன் இஷ்டம். போடாவிட்டாலும் நீ எனக்கு மாப்பிள்ளைதான்.

சோபாவுக்கும் ஆள் கிடைத்துவிட்டது. என் பக்கத்து மேசைக் கணக்கர், புதிதாகக் கல்யாணம் ஆனவர், இருபத்திரண்டாயிரத்துக்கு எடுத்துக்கொள்கிறார். நிலையை மறுபடி பெயர்க்க வேண்டும். அந்தப் பணம் முழுவதும் கார்டுக்குப் போகிறது. இனி இந்த வீட்டில் மறைப்பு, ஒளிப்பு, படிக்காத கையெழுத்து மூன்றும் கிடையாது என்று உன் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் வீட்டாருக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசி. உன் கடை உன் சொந்தக் கடையாகி, நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
அத்தான்

பின்குறிப்பு: ஒரு சின்ன விஷயம். அந்தக் கணக்கரிடம் முழுத் தொகை கையில் இல்லையாம், எங்கள் நிறுவனத்திலேயே ஊழியர் கடன் போட்டிருக்கிறார். ஜாமீனுக்கு ஆள் வேண்டும் என்று நின்றார். எனக்கு நீயும் உன் கண்ணாடி மேசையும் நினைவுக்கு வந்தது. கேட்டவனை நிற்கவைத்துப் படித்துக்கொண்டிருப்பது அழகில்லை என்று தோன்றியது. போட்டுவிட்டேன். நல்ல பையன், கட்டிவிடுவான். இதை உன் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை, சமயம் பார்த்துச் சொல்கிறேன். நீயும் சொல்லிவிடாதே.

தம்பிக்கு, அக்கா எழுதுவது: கவரை ஒட்டித் தபாலில் சேர்க்கச் சொல்லி இவர் என்னிடம்தான் கொடுத்தார். நான் எதையும் படித்துவிட்டுத்தான் ஒட்டுவேன். நீ படிவத்தை நன்றாகப் படித்து முடிவு செய். இவருக்கு நான் இன்றே ஒரு கடிதம் அனுப்புகிறேன், அலுவலக முகவரிக்கு. முதல் வரி அவர் எழுதியதுதான்: தங்கள் மௌனம் எங்களுக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது.