சாமி அறைச் சுவரோரம் ஒரு கடல்

திருநெல்வேலி டவுண்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மைத்துனர் சிரஞ்சீவி மகேஸ்வரனுக்கு அத்தான் ஐயம்பெருமாள் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. காந்திமதி அம்மன் கிருபையில் இங்கே நானும் மீன்கள் இரண்டும் சௌக்கியம். அங்கே நீரும், உம் வீட்டாரும், முப்பத்தாறு நாளாக உம் வீட்டில் விருந்தாளியாக இருக்கிற உம்ம அக்காள் ஆவுடைத்தாயும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் நீர் எந்தப் போன் வந்தாலும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போடுகிற ஆள். அதனால்தான் உம்முடைய ஆழ்வார்குறிச்சிப் பள்ளிக்கூட விலாசத்துக்கு இதை எழுதுகிறேன். வாத்தியார்மார் ரூமில் உட்கார்ந்து தனியாகப் படியும். படித்துவிட்டு, அவள் முகம் கொஞ்சம் தெளிவாக இருக்கிற நேரமாகப் பார்த்து, பக்குவமாக எடுத்துச் சொல்லி அவளை வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும். கேட்பது இவ்வளவுதான். ஆனால் எடுத்துச் சொல்ல வேண்டுமென்றால் நடந்தது பூராவும் உமக்குத் தெரிய வேண்டாமா?

வேலைவெட்டி இல்லாமல் மீன் வாங்கினேன் என்று அவள் சொல்லியிருப்பாள். இல்லைவே. முப்பத்திரண்டு வருஷம் குடிநீர் ஆபீசில் ஊர்த் தண்ணீரைச் சோதித்துச் சோதித்து அனுப்பினவன் நான். ரிட்டயர் ஆன மறுநாள் எங்கள் வீட்டுக் குழாய் என்னைக் கேட்காமலே வந்தது, என்னைக் கேட்காமலே நின்றது. அது எனக்கு எப்படி இருந்தது என்று யாரிடமும் சொன்னதில்லை, உம்மிடம்தான் சொல்கிறேன். அந்தச் சமயத்தில் டாக்டர் வீட்டில் ஒரு கடல்மீன் தொட்டியைப் பார்த்தேன். அதன் முன்னால் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே போனால் பிரஷர் நார்மல். டாக்டரே இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். சரி, இது நமக்கு விதித்த காரியம் என்று பாளையங்கோட்டையில் மீன் கடை வைத்திருக்கும் தூத்துக்குடிக்காரர் கிருபைராஜிடம் போய் நின்றேன். மேஜைமேல் வைக்கிற மாதிரி சின்னத் தொட்டி போதும் என்றேன். அவர் சிரித்தார். “சின்னதுதான் அண்ணாச்சி கஷ்டம். தண்ணி கொஞ்சமா இருந்தா சட்டுனு கெட்டுப்போவும். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்குப் பெருசுதான் லேசு” என்றார். இது சரியான பேச்சு. ஓவர்ஹெட் டேங்க்குக்கும் அதே விதிதான். ஆகவே மூன்றடித் தொட்டி. வெயில் படக்கூடாது, ஜன்னல் பக்கம் ஆகாது, இருநூறு கிலோ தாங்க வேண்டும் என்று வீடு பூராவும் அளந்து பார்த்ததில் சாமி அறையை ஒட்டின சுவர் ஒன்றுதான் தேறியது. அங்கே இருந்த உம்ம அக்காள் தையல் மிஷினைப் பின்கட்டுக்கு நகர்த்தினேன். அவள் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கிருபைராஜ் அடுத்தபடி, வடிகட்டின தண்ணீரும் கடல்மீனுக்கென்றே வருகிற உப்பும் வேண்டும் என்றார். எனக்குச் சுருக்கென்றது. தாமிரபரணித் தண்ணீரை வடிகட்டுவதாவது! யாரிடம் வந்து சொல்கிறார்? அவரிடம் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, குழாய்த் தண்ணீரையே ரொப்பி, தெருமுனைக் கடையில் கல்லுப்பு வாங்கிக் கரைத்தேன். எவ்வளவு உப்பு என்ற கேள்வி வந்தது. அதற்கு நான் செய்த காரியத்தை எங்கள் ஆபீசில் ஒருத்தனும் செய்திருக்க மாட்டான். காலை பஸ்ஸில் திருச்செந்தூர் போய், சாமி கும்பிட்டுவிட்டு, கடலில் இறங்கி ஒரு கை அள்ளி வாயில் விட்டு, அந்த ருசி மறக்குமுன்னே ஊர் திரும்ப வேண்டுமென்று வழியில் ஒரு காப்பிகூடக் குடிக்காமல் வந்து, இந்தத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துப் பார்த்து உப்புப் போட்டேன். கிருபைராஜ் வந்து உப்பு அளக்கிற கருவியை வைத்தார். லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்துமூன்று! அந்த மனுஷன் என்னையே பார்த்தார். ஆனாலும், “கடல்ல உப்பு மட்டுமா கெடக்கு அண்ணாச்சி? இன்னும் எத்தனையோ சத்து கெடக்கு. இதுல மீன் நிக்காது. உங்க ஆத்துத் தண்ணி குடிக்க அமிர்தம், ஆனா அதுல இருக்கிறது பாசிக்குத் தீனி” என்றார். பார்த்தால் நாலாம் நாளே கண்ணாடி பச்சை. சரி என்று தொட்டித் தண்ணீரைக் குழாய் வைத்துக் கொல்லையில் திறந்துவிட்டேன். அது நேராக அவளுடைய மல்லிகைக் கொடிக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு வாரத்தில் கொடி கருகிவிட்டது. அன்றைக்கு அவள் சாமி படத்துக்குக் கடையில் பூ வாங்கிக்கொண்டு வந்தாள்.

மறுபடி முறைப்படி தண்ணீர், முறைப்படி உப்பு. இனிமேல் மீன் விடலாமா என்றால், கூடாதாம். மீன் கழிக்கிற விஷத்தைத் தின்கிற கிருமி முதலில் தொட்டியில் வளர வேண்டும், அது வளர ஏதாவது அழுகவேண்டும், அதற்கு ஒரு பச்சை இறாலைப் போட்டு ஒரு மாதம் விட்டுவிடணும் என்றார் கிருபைராஜ். வே, நம் வீட்டில் முட்டை நுழைந்ததுண்டா? வெங்காயத்துக்கே வருஷத்தில் பாதி நாள் லீவு விடுகிற குடும்பம். நான் இரண்டு நாள் தூங்கவில்லை. கடைசியில், இது சமையல் இல்லை, விஞ்ஞானம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, அவள் கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் அவர் கவரில் கொண்டுவந்த இறாலை அடுப்படி இடுக்கியால் பிடித்து உள்ளே போட்டேன். அன்றைக்குப் பிரதோஷம் என்று எனக்கு எப்படித் தெரியும்? அபிஷேகம் பார்த்துவிட்டு நெற்றி நிறையத் திருநீறோடு அவள் வந்தாள், தொட்டியைப் பார்த்தாள், இடுக்கியைப் பார்த்தாள். “என்னது இது?” என்றாள். சொன்னேன். இடுக்கியை எடுத்துத் தெருக்குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் வாடை கிளம்பினதும், “மிஷினை எடுத்தீய, சும்மா இருந்தேன். மல்லியைக் கொன்னீய, சும்மா இருந்தேன். இந்தக் கருமம் கெடக்கிற வீட்டுல நான் எப்படி வெளக்கேத்த? ஒண்ணு அது, இல்லேன்னா நான்”னு சொன்னா. நான் உடனே ‘நீதான்’னு சொல்லியிருக்கணும். ஒரு மாசம்தானே, கொஞ்சம் பொறுத்துக்கயேன்னு சொல்லிட்டேன். மத்தியான பஸ்ஸுல உம்ம ஊருக்கு வந்துட்டா.

அதற்கப்புறம் நான் விட்டேனா என்று கேளும். இறால் அழுகட்டும், நான் அழுகக்கூடாது என்று தினமும் காலையில் சோதனைக் குழாயில் மருந்து ஊற்றி நிறம் பார்த்து நோட்டில் எழுதினேன். கரும்பச்சை, பச்சை, இளம்பச்சை. முப்பத்தோராம் நாள் சுத்த மஞ்சள்! விஷம் துளி இல்லை. இறாலும் இருந்த இடம் தெரியாமல் கரைந்துபோய்விட்டது. “என் கடையில இத்தனை வருஷத்துல நோட்டுப் போட்டுப் பாத்த ஆளு நீங்க ஒருத்தர்தான் அண்ணாச்சி” என்று கிருபைராஜ் கையைப் பிடித்துக்கொண்டார். வெளிச்சம் போட்டால் தொட்டியில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லைவே, அவ்வளவு தெளிவு. இந்தக் கையால் எத்தனை லட்சம் லிட்டர் அனுப்பியிருப்பேன், இப்படி ஒரு தண்ணீரை நான் செய்ததில்லை. கரண்டு போனால் தொட்டி மோட்டார் நிற்கக்கூடாதென்று இன்வெர்ட்டரைத் தொட்டிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு நான் விசிறியால் விசிறிக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மீன் வந்தது. இரண்டு கோமாளி மீன். பெயர்தான் அப்படி, ஆள் அப்படியில்லை. நல்ல ஆரஞ்சு நிறத்தில் உடம்பு, அதன்மேல் பட்டை பட்டையாக மூன்று வெள்ளைக் கோடு, நம்ம ஓதுவார் திருநீறு பூசினாற்போல. பார்த்த உடனே, இது நம்மாள்வே என்று மனசு சொல்லிற்று. பண்ணையில் பொரித்ததாம், கடலைக் கண்ணால் பார்த்ததே கிடையாதாம். இந்த வீட்டில் கடலை நேரில் ருசி பார்த்தவன் நான் ஒருத்தன்தான். சாப்பாட்டுக்குக் கடுகு மாதிரி உருண்டை ஒரு டப்பா இருக்கிறது. நானே கேட்டுக் கடல்பாசியில் செய்ததாக வாங்கினேன்.

ஆகவே அவளிடம் இப்படிச் சொல்லும். வீட்டை மூன்று தடவை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவியாகிவிட்டது. புது இடுக்கி வாங்கியாகிவிட்டது. மல்லிகைப் பதியன் மூன்று வைத்திருக்கிறேன், ஒன்று துளிர்த்திருக்கிறது. அந்த இறால்தான் முதலும் கடைசியும். இனி இந்த ஜென்மத்தில் அப்பேர்ப்பட்ட வஸ்து நம் வாசற்படி தாண்டாது, இது நெல்லையப்பர்மேல் ஆணை. என் தொட்டியை இந்த டவுணே வந்து பார்க்கிறது. அவள் ஒருத்தி பார்க்காமல் அதைப் பார்த்து எனக்கு என்ன ஆகப்போகிறது? இந்தக் கடைசி வரியைச் சொல்ல வேண்டாம். நீராகச் சொல்வது மாதிரி சொல்லும்.

உம் வீட்டாருக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. எல்லார் வீட்டுத் தண்ணீரும் தெளிவாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உம் அத்தான்
ஐயம்பெருமாள்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது கிருபைராஜ் வந்தார். மூணு நாளா மீன் உருண்டையை வாயில வாங்கித் துப்புதே அண்ணாச்சி, இது சரிப்படாதுன்னு ஒரு டப்பாவை நீட்டினார். உள்ளே உறைய வைத்த இறால் சதை. பிரிட்ஜில், மேலே ஐஸ் தட்டில் வைக்கணுமாம். முடியாதுவே, இப்பதான் ஆணை போட்டு எழுதி முடிச்சேன்னு நான் சொல்லிக்கிட்டிருக்கும்போதே வாசலில் ஆட்டோ நின்றது. உம்ம அக்காள். எதிர்வீட்டுச் சித்ரலேகா போன் பண்ணி, உங்க வீட்டுக்காரர் கண்ணாடி முன்னால உக்காந்து தனியாப் பேசுதாருன்னு சொன்னாளாம். பையைக்கூடக் கீழே வைக்காமல் தொட்டி முன்னால் வந்து நின்றாள். ரொம்ப நேரம் பார்த்தாள். “வயிறு ஒட்டிக் கெடக்கு. என்னத்தப் போடுதீய இதுகளுக்கு?” என்றாள். நான் உருண்டை டப்பாவைக் காட்டினேன். “அது வேண்டாங்குதுல்லா. இவரு முதுகுக்குப் பின்னால என்ன வச்சிருக்காரு?” என்றாள். கிருபைராஜ் காட்டினார். ஆணை போட்டு எழுதினதைச் சொல்லிவிட்டு நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம், “வாயில்லா ஜீவன் பட்டினி கெடக்கு, இவரு ஆணை எழுதுதாராம்”னு சொல்லிட்டு, முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு, அந்தப் புது இடுக்கியாலயே ஒரு துண்டு எடுத்து உள்ளே விட்டா. ரெண்டும் பாஞ்சு வந்து தின்னுச்சுவே. இப்ப அவ போடச் சொல்லி நாற்காலி போட்டிருக்கேன். நான் பக்கத்துல போனா மீன் மிரளுதாம், தள்ளி நிக்கச் சொல்லுதா. ஆகையால் நீர் யாரிடமும் எதுவும் எடுத்துச் சொல்ல வேண்டாம். மேலே ‘என் தொட்டி’ என்று எழுதியிருக்கும் இடத்தை மட்டும் அடித்துவிட்டு ‘உம்ம அக்காள் தொட்டி’ என்று திருத்தி வாசித்துக்கொள்ளவும்.