வெடி மாமாவும் என் நெஞ்சின் நம்பரும்

வெடி மாமாவிடம் திட்டு வாங்காமல் இரத்தம் கொடுத்தவர் திருவனந்தபுரத்திலேயே கிடையாது. வலியசாலை லேபில் இரத்தம் எடுப்பவர். சீட்டு கொடுத்ததும் வேட்டுப் போடும் கோயில் வெடிவழிபாடு போல, சீட்டை நீட்டியதும் வெடிப்பார். நினைத்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்கு நுரையீரல் இரத்தக்குழாய்களில் அழுத்தம். அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயம் திணறினால் ஒரு ஹார்மோனைக் கசியவிடும். இரத்தத்தில் அதன் நம்பர் ஏறினால் நோய் முற்றுகிறது என்று அர்த்தம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தப் பரீட்சை.

மூச்சிரைக்கப் படியேறி வந்தால், "எந்தா, ஓட்டப் பந்தயமா? அவிடெ இரிங்கோ!" என்று அரை மணி உட்கார வைப்பார். வேறு லேப் ரிப்போர்ட்டைக் காட்டினால் போச்சு. "ரெண்டு நம்பரையும் வெச்சுப் பொருத்தம் பாக்க இதென்ன ஜாதகமா?"

நம்பர் இறங்கினால் குடும்பத்தோடு பொன்முடி மலைக்குப் போகலாம் என்றார் டாக்டர். விடுவேனா? இரண்டு நாள் உப்பில்லாக் கஞ்சி. உடம்பில் நீர் குறைந்தால் நம்பரும் குறையுமே, நீர் பிரியும் மாத்திரை ஒன்றுக்கு மூன்று. இன்ஸ்பெக்‌ஷன் என்றால் ஆபீஸைப் பெருக்கி வைப்பதில்லையா, அப்படித்தான்.

வெடி மாமா என் கையைத் தட்டினார். இன்னும் தட்டினார்.

"கயிறாட்டம் இருந்த நரம்பு எங்கே போச்சு மாமி? மாத்திரை எத்தனை முழுங்கினேள்?"

"ஒண்ணுதான்."

"கள்ளம் பறயாதேங்கோ! நாக்கு வறண்டு கிடக்கு. நம்பரை ஏமாத்திட்டு நெஞ்சை என்ன பண்ணுவேள்?"

"ரத்தம் எடுக்கறதுதான் உங்க ஜோலி. டாக்டராட்டம் பேசாதேங்கோ!" என்று நானும் கத்தினேன்.

அவர் இரத்தம் எடுக்காமலே ஊசியைக் கீழே வைத்தார். அத்தனை பேர் முன்னாலும் டாக்டருக்குப் போன் போட்டு என் மானத்தை வாங்கினார். வீட்டார் எல்லோரும் பொன்முடி போனார்கள். நான் வீட்டில் அவரைச் சபித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம், ஒழுங்காக ஒரே மாத்திரையோடு, மறுபடி போனேன்; இரத்தம் எடுத்தார். நம்பர் எகிறிக் கிடந்தது. டாக்டர் அன்றே மருந்தை மாற்றினார். "பழைய மருந்திலேயே விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டீர்கள்" என்றார். வெடி மாமாவிடம் நான் ஒரு நன்றி சொல்லவில்லை. கோபம்.

போன வாரம் போனேன். அவர் ஓய்வு பெற்றுவிட்டாராம். ஒரு பெண் சிரித்தபடி ஊசி குத்தி இரத்தம் எடுத்தாள். மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஏன்டீ கேக்கலை?" என்று அவள்மேல் பாய்ந்தேன்.

"வலிச்சுதா அம்மா?" என்றாள் பாவம்.

வலிக்கவில்லை. அந்த மனிதர் திட்டாமல் இரத்தம் கொடுக்க எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.