டாமு என்றால் ரத்தம்

ஊசி குத்தாமல், ஒரு சொட்டும் சிந்தாமல், இருநூற்றுப் பதினான்கு பேரிடம் ரத்ததானம் பெற்ற தொழிற்சாலை உலகத்திலேயே ஒன்றுதான். அது வல்லம் வடகாலில் இருக்கிறது. அந்தச் சாதனையைச் செய்த மனிதவள உதவி மேலாளர் ராஜசேகர் நான்தான் என்பதைத் தன்னடக்கம் தடுத்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் பிரேக் உதிரிபாகங்களைத் தான்சானியாவில் ஒரு கம்பெனி வாங்குகிறது. அதன் பிரதிநிதிகள் எங்கள் ஆண்டு ரத்ததான முகாமைப் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. பொது மேலாளர் ஸ்ரீதர் உடனே கூட்டம் போட்டார். இரண்டு மணி நேரக் கூட்டம். முந்திரி பிஸ்கட் உண்டு.

"வர்றவங்க சுவாஹிலி பேசறவங்க. நம்ம ஆளுங்க தமிழ்ல ரத்தம் குடுத்தா அவங்களுக்கு எப்படிப் புரியும்?" என்றார்.

இப்படி ஒரு கோணம் இருப்பது அதுவரை மருத்துவ உலகத்துக்கே தெரியாது. அந்த இடத்திலேயே "மொழிவழி உதிரம்" திட்டம் பிறந்தது. கைப்பேசியில் தேடிப் பதினோரு சொற்களை நானே தேர்ந்தெடுத்தேன். டாமு என்றால் ரத்தம். சிந்தானோ என்றால் ஊசி. ம்கோனோ என்றால் கை. அசான்டே என்றால் நன்றி. பதினொன்றையும் எல்லோருடைய அடையாள அட்டையின் பின்பக்கம் அச்சடித்தோம். முன்பக்கம் வழக்கம்போல் பெயர், பதவி, கொட்டை எழுத்தில் ரத்தப் பிரிவு.

ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் கால் மணி நேரம் வகுப்பு. முதல் மாணவர் லோடிங் பிரிவு பலராமன். வடக்குப்பட்டுக்காரர். முன்பு அவர் நெல் போட்ட நிலத்தில்தான் இப்போது லாரிக்குச் சரக்கு ஏற்றுகிறார். அந்த வகையில் இடமாற்றமே இல்லாத ஊழியர்.

"சார், சிந்தானோ குத்தும்போது வலிச்சா இன்னா சொல்லணும்?" என்று கேட்டார்.

"அசான்டே சொல்ல வேண்டும்."

"வலிக்குதுன்றதுக்கு வார்த்தை இல்லியா சார்?"

"பாடத்திட்டத்தில் இல்லை" என்றேன்.

முகாமுக்கு முன்னால் ஒத்திகை நடந்தது. கேண்டீன் மேசைகளில் வெள்ளைத்துணி விரித்தோம். செக்யூரிட்டி ஒருவர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, ஊசிக்குப் பதில் மூடி போட்ட பேனாவைப் பிடித்தார். ஒவ்வொருவராகப் படுத்து, ரப்பர் பந்தை அமுக்கி, பதினோரு சொல்லும் சொல்லி, ஜூஸ் குடித்து எழுந்தார்கள். நயினார் மட்டும் படுக்க மறுத்தான். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், ஒரகடத்தில் ஹாஸ்டல் வாசம்.

"ஊசிய எங்க சார் காணும்?"

"இது ஒத்திகை."

"அப்பம் ரத்தம்?"

"அதுவும் ஒத்திகை."

"பொறவு எதுக்கு சார் படுக்கச் சொல்லுதிய? லைன்ல வேலை கெடக்கு."

ஒத்துழைப்பின்மைக்காக அவன் பெயரைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டேன். மற்ற இருநூற்றுப் பதினான்கு பேரின் வருகையைக் கம்பெனிச் செயலியில் பதிய வேண்டும். அதில் "ஒத்திகை" என்று பொத்தான் இல்லை. "தானம் செய்தார்" என்றுதான் இருந்தது. இருநூற்றுப் பதினான்கு முறை அழுத்தினேன். செயலி ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி, பெயரைச் சிவப்பாக்கி, அடுத்த தானம் மூன்று மாதம் கழித்து என்று தேதி கொடுத்தது. ரத்தம் கொடுக்க வெளியே போகிறவர்களுக்குச் செயலி பச்சை காட்டினால்தான் அவுட் பாஸ் என்ற விதியை எழுதியவனும் நானே. எத்தனை கச்சிதமான ஏற்பாடு என்பது நான்காம் நாள் தெரிந்தது.

அன்று காலை பின்னோக்கி வந்த லாரிக்கும் சரக்கு ஏற்றும் மேடைக்கும் இடையில் பலராமனின் வலது கால் சிக்கிக்கொண்டது. பதினோரு மணிக்கு அவர் மனைவி மரகதம் ஆஸ்பத்திரிச் சீட்டோடு கேட்டுக்கு வந்தார். நான்தான் போய்ப் பேசினேன்.

"பி நெகட்டிவாம் சார். அவங்க கைல ஒரு பாக்கெட்டுதான் கீதாம். இன்னும் ரெண்டு பேரு ஒடனே வந்து குடுத்தா கால காப்பாத்திரலாம்னு டாக்டர் சொல்றாரு."

செயலியைத் திறந்தேன். தொழிற்சாலைக்குள் அந்தப் பிரிவில் நான்கு பேர். இரண்டு பேர் சிவப்பு. நயினார் தானப் பட்டியலிலேயே இல்லாததால் பச்சையும் இல்லை. நான்காவது ஆளைப் பற்றி அந்த நேரத்தில் பேச வேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

"எல்லாரும் போன வாரமே கொடுத்துட்டாங்கம்மா."

"குடுத்த ரத்தம் எங்க சார்?"

"கணக்கில் இருக்கு."

 அந்த அம்மாள் சீட்டை என் கழுத்தில் தொங்கிய அட்டைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டிலும் இருந்த எழுத்தை ஒப்பிட்டார்.

"இதே எழுத்துதான சார் ஒங்குளுதுலயும் போட்டுக்கீது?"

பொறுப்பான பதவியில் இருப்பவனின் ரத்தம் நிறுவனத்தின் சொத்து. அதை ஊசி முனையில் தூக்கிக் கொடுத்துவிட எனக்கு அதிகாரம் இல்லை. அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கூட்டம் இருக்கிறது என்றேன்.

அதற்குள் விஷயம் லைனுக்கு எட்டி, நயினார் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்துவிட்டான். "வாங்கக்கா, போவோம். நமக்கும் பி நெகட்டிவ்தான்" என்றான். அவுட் பாஸ் இல்லாமல் கேட்டைத் தாண்டினான். அனுமதியின்றி, அதுவும் தமிழில், ரத்தம் கொடுத்ததற்காக அவனுக்கு அன்றே மெமோ அடித்தேன்.

மீதி வேண்டிய ஒரு பாக்கெட் சென்னையிலிருந்து வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. பலராமனின் உயிர் தங்கியது. முழங்காலுக்குக் கீழே கால் தங்கவில்லை.

பத்து நாள் கழித்துத் தான்சானியப் பிரதிநிதிகள் வந்தார்கள். எல்லோரும் சிவப்பில் இருந்ததால் முகாமுக்குப் பதில் பாராட்டு விழா. நிறுவனம் அன்பளித்த சக்கர நாற்காலியில் பலராமன் மேடைக்கு வந்து, மறக்காமல் "அசான்டே" என்றார். நான் பதினோரு சொற்களையும் முழங்கினேன். பி நெகட்டிவ் மிக அரிய பிரிவு, தொழிற்சாலை முழுக்கத் தேடியும் கிடைக்காமல் போனது விதி என்று ஆங்கிலத்தில் தழுதழுத்தேன். அரங்கம் கைதட்டியது. ஸ்ரீதர் எனக்குக் கேடயம் கொடுத்தார். மரகதத்துக்குச் சால்வை போர்த்தும் பொறுப்பும் என்னுடையதுதான்.

சால்வையோடு குனிந்தேன். அன்று திருப்பிய அட்டை இன்னும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"அட்ட திரும்பிக்கினு கீது சார்" என்றார் மரகதம் சாதாரணமாக. கை நீட்டி அதை முன்பக்கமாகத் திருப்பி, ஓரம் மடங்காமல் நீவி விட்டார்.

நான் அரங்கத்தைப் பார்த்து நிமிர்ந்ததும் முன்வரிசையில் கைதட்டல் நின்றது. பின்வரிசைகளுக்கு எழுத்து என்னவென்று எட்டக் கொஞ்ச நேரம் பிடித்தது.