சிகா போட்ட வாக்கியம்

இந்தக் கதை நடந்தபோது நான் அங்கே இல்லை. சுவிசேஷமுத்து அண்ணன் சொல்லிக் கேட்டது. தில்லைநாயகம் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். அதனால் பாதியைக் காதால் கேட்டிருக்கிறார். மீதியைத் தில்லைநாயகமே பின்னால் வந்து புலம்பியிருக்கிறான். அண்ணன் வாயில் ஜப்பான் வார்த்தைகள் கொஞ்சம் கோணிக்கொண்டு வந்தன. அவற்றை மட்டும் விசாரித்துத் திருத்தியிருக்கிறேன்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம். பேட்டையில் நமச்சிவாயம் அண்ணாச்சிக்கு ஒரு ஸ்பிரிங் பட்டறை இருந்தது. தில்லைநாயகம் அங்கே சூப்பர்வைசர். அவன் மனைவி சங்கரி அதே பட்டறையின் ஆபீசில் டைப் அடிப்பாள், போன் எடுப்பாள், வெளியூர்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுவாள். அந்த வருஷம் ஒரு ஜப்பான் கம்பெனி அண்ணாச்சியிடம் ஸ்பிரிங் வாங்க வந்தது. வந்த கையோடு, ‘உங்கள் ஆளை ஆறு மாதம் எங்கள் ஊருக்கு அனுப்புங்கள், பழக்கி அனுப்புகிறோம்’ என்றும் சொல்லிவிட்டது.

அண்ணாச்சி இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார்.

“புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் போனாலும் சரி, ஒருத்தர் போனாலும் சரி. பாஷை கொஞ்சம் தெரியணும். அடுத்த மாசம் அந்தக் கம்பெனியிலேருந்து மொரிதா சான் வாராரு. உங்க வீட்லயே சாப்பாடு வச்சு, யாரு வாரான்னு அவருகிட்டயே சொல்லிருங்க.”

தில்லைநாயகம் அன்றைக்கே முடிவு எடுத்துவிட்டான். போனால் தனியாகத்தான் போவது.

சங்கரி நல்லவள். அதுதான் அவனுடைய கஷ்டம். கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருக்கலாம். சங்கரி சண்டை போடமாட்டாள், கேள்விதான் கேட்பாள். எங்கன போயிருந்திய, யாரப் பாத்திய, சட்டையில என்ன கறை, அந்தக் கறைக்கு அங்க என்ன வேலை. ஆறு மாதம் கேள்வியே இல்லாத ஒரு தேசம். ஈரத்துண்டைக் கட்டிலில் போடலாம். நினைத்தாலே அவனுக்குக் குளிர்ந்தது.

சங்கரியோ அதற்குள் ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்திருந்தாள், திருநெல்வேலி வெயிலில். ஒன்று அவளுக்கு, ஒன்று அவனுக்கு. அவளுடையது முதலில் முடிந்திருந்தது.

‘நீ வரவேண்டாம்’ என்று தமிழில் சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை. ஆகவே ஜப்பான் பாஷையில் சொல்லிவிடுவது என்று வைத்துக்கொண்டான். அவள் எதிரிலேயே, சிரித்த முகமாக. மொரிதா சானுக்குப் புரியும். இவளுக்குப் புரியாது. புரியும்போது விமானம் கிளம்பியிருக்கும்.

அண்ணாச்சி மெட்ராசிலிருந்து ஒரு புத்தகமும் ஒரு பெட்டி கேசட்டும் தருவித்துக் கொடுத்திருந்தார். தில்லைநாயகம் சாயங்காலம் டேப் ரிக்கார்டரைப் போட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் உட்காருவான். மூன்றாவது வாக்கியத்தில் தூங்கிவிடுவான். சங்கரி பக்கத்தில் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டே கேசட்டின் கடைசிவரை கேட்பாள். பிறகு திருப்பிப் போட்டு மறுபக்கமும் கேட்பாள். டேப்பை நிறுத்தினால் அவன் விழித்துக்கொள்வானே என்று அவள் சொன்ன காரணத்தை அவன் நம்பினான்.

“இன்னைக்கு கஞ்சி படிக்கணும், சங்கரி. யாரு வந்தாலும் இல்லைன்னு சொல்லு.”

“கஞ்சியப் படிக்கதுக்கு என்ன இருக்கு? குடிக்க வேண்டியதுதான.”

“அது எழுத்துட்டி. அவங்க ஊர் எழுத்துக்குப் பேரு கஞ்சி.”

“அப்ப அங்க காய்ச்சல்காரனுக்கு எழுதிக் கொடுப்பாவளோ?”

இவளுக்கா ஜப்பான் பாஷை வரப்போகிறது என்று அவன் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டினான். அங்கேதான் அவனுக்கு வேண்டிய பாடம் இருந்தது. ஒருவரை விலக்கிச் சொல்வது எப்படி. ‘தவிர’ என்பதற்கு இரண்டு வார்த்தை போட்டிருந்தார்கள். ஒன்று இகாய். மற்றது சிகா. சிகா வந்தால் வாக்கியம் ‘இல்லை’ என்றுதான் முடியவேண்டும் என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு.

அவனுக்குச் சிகாவை ரொம்பப் பிடித்துப்போயிற்று. இகாயில் ‘தவிர’ மட்டும்தான் இருக்கிறது. சிகா போட்டால் ‘தவிர’வும் வருகிறது, ‘போகவில்லை’யும் வருகிறது. கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போட்ட மாதிரி. வாக்கியத்தைக் கட்டினான். ‘கனை சிகா இக்கிமாசென்.’ கனை என்றால் மனைவி. சிகா, தவிர. இக்கிமாசென், போகவில்லை.

குளிக்கும்போது அதைச் சொல்லிப் பழகினான். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் குரல் வெளியே வந்தது. சங்கரி கதவுக்கு வெளியே நின்று கேட்டாள்.

“என்னது, உள்ள மந்திரம் சொல்லுதிய?”

“விருந்தாளிக்கு நல்வரவு சொல்லிப் பாக்கேன்.”

“இன்னொருக்கச் சொல்லுங்க, கேப்போம்.”

சொன்னான். வெளியே அவள் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்க்கும் முணுமுணுப்பு கேட்டது.

“நல்லா இருக்கா?” என்று அவனே கேட்டான். “இன்னொரு வார்த்தை இருக்கு. இகாய். எது போட்டா காதுக்கு நல்லாருக்கும்?”

“இகாய் வேண்டாம். பச்சக்காயக் கடிச்ச மாதிரி இருக்கு. சிகாவே இருக்கட்டும். சீயக்கா மாதிரி மணமா இருக்கு.”

“அப்படியா சொல்லுத?”

“ஆமா. ஒரு எழுத்து மாத்தாதிய. பைய, நிறுத்திச் சொல்லுங்க. அவருக்கு வெளங்கணும்லா.”

மனைவியே சம்மதித்துத் தேர்ந்தெடுத்த வார்த்தையால் மனைவியை விலக்குவது எத்தனை பேருக்கு வாய்க்கும். அவன் அன்றைக்குத் தலைக்கு இரண்டு செம்பு கூடுதலாக ஊற்றிக்கொண்டான்.

அண்ணாச்சியோடு மொரிதா சான் வந்தார். மெலிந்த மனிதர். எதைப் பார்த்தாலும் குனிந்தார். இலை போட்டு, சொதியும் இஞ்சிப் பச்சடியும் வைத்தாள் சங்கரி. அவர் சொதியை மூன்றாம் தடவை கேட்டு வாங்கியதும் அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார்.

“லே தில்லை, விஷயத்தச் சொல்லு.”

தில்லைநாயகம் எழுந்து நின்றான். சட்டையைச் சரி செய்தான். சங்கரியைப் பார்த்து ஒரு புன்னகை செய்தான். பிறகு பைய, நிறுத்தி, ஒரு எழுத்து மாறாமல் சொன்னான்.

“கனை சிகா இக்கிமாசென்.”

மொரிதா சானின் கை இலையில் நின்றது.

“ஓக்குசான் தாகே?” என்று கேட்டார்.

தில்லைநாயகத்துக்கு அது புரியவில்லை. புரியாத இடத்தில் ‘ஹாய்’ என்று சொல்லவேண்டும் என்பது மட்டும் தெரியும். ஜப்பானில் ‘ஹாய்’ என்றால் ஆமாம்.

“ஹாய்,” என்றான் கம்பீரமாக.

மொரிதா சான் எழுந்து அவனை நோக்கி இடுப்புவரை குனிந்தார். அப்புறம் சங்கரி பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். சங்கரி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஹாய். வத்தாஷி தாகே இக்கிமாஸ்,” என்றாள்.

கேசட்டில் வரும் அதே குரல். தில்லைநாயகத்துக்கு ஒரு கணம் டேப் ரிக்கார்டர்தான் பேசிவிட்டதோ என்று இருந்தது.

“என்னம்மா சொல்லுதாரு?” என்றார் அண்ணாச்சி.

“இவிய சொன்னதத் தமிழ்ல சொன்னா, ‘என் பொண்டாட்டியத் தவிர யாரும் போகல’ன்னு அர்த்தம், அண்ணாச்சி. பொண்டாட்டி மட்டுமான்னு அவரு கேட்டாரு. இவிய ஆமான்னுட்டாவ. என்கிட்ட கேட்டாரு. நானும் ஆமான்னுட்டேன்.”

தமிழில் கேட்டபோதுதான் தில்லைநாயகத்துக்கு உறைத்தது. ‘சங்கரியைத் தவிர எல்லாரும் போவோம்’ என்றால் சங்கரி வெளியே. ‘சங்கரியைத் தவிர யாரும் போகவில்லை’ என்றால் சங்கரி மட்டும் உள்ளே. தாழ்ப்பாள் இரண்டும் சரியாகத்தான் விழுந்திருந்தன. அவன்தான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான்.

“பெரிய மனசுடே ஒனக்கு,” என்றார் அண்ணாச்சி. “நான்கூட நீ தனியாப் போகப் பாப்பேன்னு நெனச்சேன்.”

“இல்ல அண்ணாச்சி, வார்த்தை கொஞ்சம் தப்பிட்டு.”

“அப்படியா. என்ன சொல்ல வந்த?”

தில்லைநாயகம் வாயைத் திறந்தான்.

“சொல்லுங்க,” என்றாள் சங்கரி, அவன் இலையில் ஒரு கரண்டி சொதி ஊற்றியபடி. “நானும் தெரிஞ்சிக்கிடுதேன்.”

அவன் அண்ணாச்சியைப் பார்த்தான். மொரிதா சானைப் பார்த்தான். நாற்காலியில் கிடந்த அவளுடைய ஸ்வெட்டரைப் பார்த்தான்.

“ரெண்டு பேரும் போறதுன்னு…”

“விருந்தாளி முன்னால சொன்ன சொல்ல மாத்தாதலே. அவரு குனிஞ்சு கும்பிட்டுட்டாரு. நீ இங்க இருந்தா எனக்கும் மெஷினுக்கு ஆளாச்சு.”

“சொன்னது சரிதான், அண்ணாச்சி,” என்றான் தில்லைநாயகம்.

சங்கரி தை மாதம் கிளம்பிப் போனாள். போகும்போது அவனுக்கான ஸ்வெட்டரை முடிக்காமலே ஊசியோடு வைத்துவிட்டுப் போனாளாம். சுவிசேஷமுத்து அண்ணன் சொன்ன இந்த ஒன்றை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை. ஆனால் கனை என்ற சொல்லைப் பிறகு பாளையங்கோட்டை நூலகத்தில் ஒரு ஜப்பானிய அகராதியில் தேடிப் பார்த்தேன். மனைவி என்றுதான் போட்டிருக்கிறது. எழுத்தைப் பிரித்தால் நேர்ப்பொருள் ‘வீட்டுக்கு உள்ளே’. அந்த ஆறு மாதமும் வீட்டுக்கு உள்ளே தில்லைநாயகத்தைத் தவிர யாரும் இல்லை.